பதில் வராத அறுபத்தொரு வரிகள்

"அங்கிள், நாங்கள் கேக்கிறதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லாட்டியும், உங்கட பெட்டி அதை எழுதி வைக்குமா?"

மூன்றாம் மாடி வீட்டுச் சுவரில் நான் ரவுட்டர் பூட்டிய அன்று, ஏழு வயதுத் தாரிகா என்னிடம் இப்படிக் கேட்டாள். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள ஆறுமாடிக் குடியிருப்பின் இன்டர்நெட் வேலை என்னுடையது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு சிறிய அறை. அதில் ஒரு டி.என்.எஸ். சர்வர். கைபேசி ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால், அதன் முகவரியைத் தேடிச் சொல்வது அதுதான். எந்த வீடு, எதை, எத்தனை மணிக்குக் கேட்டது என்பது லொக் எனும் பதிவுக் கோப்பில் வரிவரியாகப் பதியும்.

"ஓம் பிள்ளை. எல்லாம் எழுதும்," என்றேன்.

அவளுடைய தாய் உஷாந்தி பால் விடாத பிளேன்டியும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். கீழுதடு வெடித்திருந்தது. "கதவு இடிச்சுப்போட்டுது, தம்பி," என்று சிரித்தார். நான் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி வருவது நடந்தது. ஞாயிறு தவறாமல் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவன் நான். இறந்தவர்கள் பேரில் பொய் எழுத மாட்டேன்.

தவறு என்னுடையது. லொக் கோப்புக்கு நான் எல்லை வைக்கவில்லை. அது வளர்ந்து வளர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரைக்கு டிஸ்க் முழுவதையும் நிரப்பியது. சர்வர் நின்றது. காவலாளி ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி பிறெடி, ஒரு வீட்டிலயும் நெட் இல்லை. ஆறாம் மாடிக் கிழவர் என்னை உயிரோட தின்னுறார்!"

"கிழவருக்குப் பல்லில்லை அண்ணை, பயப்படாதேங்கோ. நாளைக்கு வாறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சனிக்கிழமை பகல் 1.50க்குப் போனேன். வாசலில் அண்ணையைக் காணவில்லை. டிஸ்க்கில் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. பழையதை அழித்தேன். கோப்பு நிரம்பினால் மூடிப் புதியது திறக்கவும், பழையவற்றில் ஐந்தை மட்டும் வைத்து மிச்சத்தை அழிக்கவும் அமைத்தேன். சோதித்துப் பார்க்க, பத்து வரிக்கு ஒரு கோப்பு என்று வைத்தேன்.

2.11க்கு முதல் வரி வந்தது.

மூன்றாம் மாடி, உஷாந்தியின் வீடு. பெண்களுக்கு உதவும் அமைப்பொன்றின் பெயர். பதில் இல்லை.

திகதி வெள்ளிக்கிழமை என்றிருந்தது. கடிகாரம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மேலே எங்கோ... டொம்.

இருபது செக்கன் போக, அடுத்த வரி. அதே வீடு. அதே பெயர். டொம்.

எழுந்து கதவை இழுத்தேன். நான் பூட்டாத கதவு... திறக்கவில்லை.

டொம்.

இம்முறை சத்தம் மேலே இல்லை. என் முதுகில் விழுந்தது. முகம் சர்வர் வைத்த இரும்புத் தட்டில் மோதியது. கீழுதடு வெடித்து, வாயெல்லாம் இரத்தம்.

அறையில் யாருமில்லை.

நாற்பதாவது வரி. விலா எலும்பில் அடி. ஏதோ என் தலைமயிரைப் பிடித்துத் தரையில் அறைந்தது. ஒரு தரம். இன்னொரு தரம்.

ஐம்பத்திரண்டு...

அப்போதுதான் உறைத்தது. பழைய கோப்பு ஐந்து, திறந்திருப்பது ஒன்று: அறுபது வரிக்குத்தான் இடம். அறுபத்தோராவது வரி வந்தால், முதல் பத்தும் அழிந்துவிடும். என் கையால் வைத்த கட்டளை.

எல்லாம் எழுதும் என்று சொன்னேனே, பிள்ளையிடம்!

ஊர்ந்தேன். விரல்கள்மேல் அடி விழுந்தது. சின்னவிரல் முறிந்த சத்தம் கேட்டது.

ஐம்பத்தெட்டு.

ஐந்து என்பதை அழித்தேன்.

ஐம்பத்தொன்பது.

ஐந்நூறு என்று அடித்தேன்.

அறுபது.

மாதாவே...

அழுத்தினேன்.

2.31. அறுபத்தொன்று.

அமைதி. கதவு தானாகத் திறந்தது.

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். அந்த வீட்டுக் கதவில் பொலிஸ் நாடா ஒட்டியிருந்தது. அண்ணை பின்னால் படியேறி வந்தார்.

"என்னடா தம்பி, முகமெல்லாம் இரத்தம்?"

"இந்த வீட்டில... ஆர் இருக்கினம்?"

"உனக்குத் தெரியாதே? இப்பதான் பொலிஸில இருந்து வாறன். உஷாந்தி நேற்றுச் செத்துப்போச்சு. படியில வழுக்கினது எண்டு புருசன் சொல்றான். ரண்டு மணி தாண்டிக் கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்டதாம். டி.வி.யாக்கும் எண்டு இருந்திட்டினம். பிள்ளை கட்டிலுக்குக் கீழ, சிம் இல்லாத பழைய போனோட கிடந்தது. இன்னும் வாய் திறக்கேல்லை."

"போன் எங்க?"

"நேற்றே பொலிஸ் கொண்டுபோட்டுது. உன்ர ரவுட்டரையும் புருசன் சுவரால பிடுங்கி உடைச்சுப்போட்டான்."

வெள்ளிக்கிழமை 2.11க்கு என் சர்வர் நின்றிருந்தது. எழுத அதில் இடமே இருக்கவில்லை. சனிக்கிழமை கேட்பதற்கு அந்த வீட்டில் ஒரு கருவியும் இருக்கவில்லை. பிறகு யார் கேட்டது? எனக்குத் தெரியாது.

அந்தக் கோப்புகளில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. அறுபத்தொரு வரிகளையும் அச்சிட்டேன். நான் கண்டதையும் எழுதிப் பெயரும் கையொப்பமும் வைத்தேன். மறுநாள் பூசை முடிந்து மட்டக்குளிக்குப் போனேன். தாரிகா இப்போது பெரியம்மாவோடு அங்கேதான் இருக்கிறாள். எல்லோரும் உஷாந்தியின் அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. அந்தத் தாள்களைப் போட்ட உறையை வாசற் படலைக்குள் வைத்தேன். மேலே ஒரு பிஸ்கட் பைக்கற்.

உறையின் பின்புறம், முறியாத விரல்களால் எழுதியிருந்தேன்:

"ஓம் பிள்ளை. எல்லாம் எழுதியிருக்கு."