மாமன் இடத்தில் நான்

நான் வேலை பார்க்கும் ஓமன் நாட்டுச் சலாலாவில் தூறல் விழுந்தால் ஜனங்கள் வெளியே ஓடிவருகிறார்கள். நம் ஊரில் தூறல் போட்டால் காயவைத்த மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவோம். இங்கே கரீஃப் என்கிற சாரல் மாதங்களில் துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நனைவதற்கென்றே சாலையோரம் நிற்கிறார்கள். தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு கடையில் இளநீர் வெட்டிக் கொடுப்பது என் வேலை. வந்த முதல் வருஷம் ஒரு குடும்பம் கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. பெரியவர் மேலே கட்டியிருந்த தார்ப்பாயைக் காட்டி ஏதோ சொன்னார். ஒழுகுகிறது போல என்று நினைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, அதை இன்னும் இழுத்து அவர்கள் தலைக்கு மேல் நன்றாக வரும்படி கட்டினேன். அவர் கையை ஆட்டினார். நான் இன்னொரு கயிறு தேடினேன். கடைசியில் அவரே எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்து, தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தலையில் சாரல் விழ இளநீரைக் குடித்தார். 'மாஃபி முஷ்கில்' என்றேன். பரவாயில்லை என்று அர்த்தம். அப்போது எனக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான்.

என் ஊர் வடக்கனந்தல் பக்கம். ஐந்தாவது வரை படித்தேன். படிக்க வரும், மெதுவாக. எழுதுவது அதைவிட மெதுவாக. நேரில் நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பேசாதவன் என்பதாலேயே ஒரு பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள், குவைத், மஸ்கட், மலேசியா என்று பல இடங்களில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம். 'நம்மூரு ஆளுங்க' என்று பேர். யார் ஊருக்குப் போகிறார்கள், யாருக்குப் பார்சல் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்பதற்காகத் தொடங்கியது. தொடங்கிய சின்னசேலத்து அண்ணன் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பும்போது என்னை அட்மினாக்கிவிட்டுப் போனார். நான் வேண்டாம் என்றேன். "நீதான் யாருகிட்டயும் சண்ட போடமாட்ட ஏழுமல. படிச்சவன வெச்சா ஆளுக்கு ஒரு சட்டம் போடுவான்" என்றார்.

நேரில் ஆட்களைப் பார்த்துப் பேசாத நான், போனில் அவர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒருவர் தினமும் விடியலில் ரோஜாப்பூப் படம் போடுவார். பலரும் அதைத் திட்டுவார்கள். ஒருநாள் பூ வரவில்லை. போன் போட்டுக் கேட்டால் ஆள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். இன்னொருவர் அடிக்கடி, 'கல்வராயன்மலைப் பக்கம் மழையா?' என்று எழுதுவார். அவருக்கு அங்கே நிலமும் இல்லை, ஆடும் இல்லை. வீட்டில் யாரோடோ மனஸ்தாபம் என்றால்தான் அவருக்கு மழை ஞாபகம் வரும். எழுதத் தெரியாதவர்கள் பேசி அனுப்புவார்கள். பேசக் கூச்சப்படுகிறவர்கள் கட்டைவிரல் படம் போடுவார்கள். எதுவுமே போடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள் பாதிக்கு மேல். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் தானாக வந்தது. கள்ளக்குறிச்சி டவுனைச் சேர்ந்த பஷீர் பாய் மலேசியாவில் இருக்கிறார். அவருடைய அத்தா இறந்தபோது அவரால் கிளம்ப முடியவில்லை. சின்னசேலத்து அண்ணன் அப்போது லீவில் ஊரில் இருந்தார். யாரும் சொல்லாமலே பஸ் ஏறிப் போய், ஜமாஅத்தாரிடம் விவரம் சொல்லி, பஷீர் பாய்க்குப் பதிலாக, மய்யித்தைச் சுமந்து போகும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். பஷீர் பாய் அனுப்பிய குரல் செய்தியில் பேச்சே இல்லை, அழுகை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு யார் லீவில் போனாலும், வர முடியாதவர்களின் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் நின்றுவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. அதற்கு 'நிக்கிறது' என்றே பேர் வந்தது. கல்யாணத்துக்கு நின்றோம், கிரகப்பிரவேசத்துக்கு நின்றோம். யார் எப்போது லீவு, யார் வீட்டில் எப்போது விசேஷம் என்று பார்த்துச் சேர்த்துவிடுவது என் வேலை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. என் மனைவி மட்டும், "உங்க லீவே ஒரு மாசம். அதுல பாதி நாள் ஊரான் வூட்டு விசேஷம். எங்களுக்கு யாரு வந்து நிப்பாங்க?" என்பாள்.

சக்திவேல் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். குரூப்பில் அவன்தான் கலகலப்பு. அரபி முதலாளி மாதிரிப் பேசிக் காட்டுவான், ரோஜாப்பூக்காரரைக் கிண்டல் பண்ணுவான். அவன் அம்மா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு லீவு கிடைத்தும் போகவில்லை. அம்மா இல்லாத வீட்டில் போய் எங்கே பையை வைப்பது என்று ஒருமுறை என்னிடம் தனியாகக் கேட்டான். அடுத்த நிமிஷமே சிரிக்கும் பொம்மையும் போட்டான். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொன்னான். ஊரில் அவனுக்கு இருந்தது ஒரே தங்கை, அஞ்சலை. மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகளுக்குக் காது குத்தவில்லை. பெண் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டது, கூடப் படிக்கும் பிள்ளைகள் 'மூளிக்காது' என்று கூப்பிடுகின்றன, தாய்மாமன் வந்தால்தான் குத்துவேன் என்று தங்கை பிடிவாதமாக இருக்கிறாள் என்று சக்திவேலே குரூப்பில் சொல்லிச் சிரிப்பான்.

போன வருஷம் நான் லீவில் கிளம்பியபோது அவனுடைய குரல் செய்தி வந்தது. "அண்ணே, மச்சான் வூட்ல தேதி வெச்சிட்டாங்க. என்னால வர முடியாது. நீங்க போயி என் எடத்துல ஒக்காந்துடுங்கண்ணே. சீரெல்லாம் ஜாஸ்தியாவே வெச்சிடலாம்." எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். அவன் குரலில் இருந்த நிம்மதியை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். தங்கையிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்கத் தோன்றவில்லை.

விசேஷம் அவர்களுடைய குலசாமி கோயிலில். கோமுகி அணைக்குப் போகும் வழியில், புளியமரங்களுக்கு நடுவில் இருந்தது. என்னோடு என் மனைவியும் அவள் உறவுப் பெண்கள் இரண்டு பேரும் பழத்தட்டும் பட்டுப்பாவாடையும் வெல்லமும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். நாங்கள் இறங்கியதும் மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். அஞ்சலை ஓடிவந்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என்னைப் பார்த்தாள். என் மனைவியைப் பார்த்தாள். பிறகு எங்களைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் பின்னால வந்துகினு இருக்காருங்களா?" என்றாள்.

 அவர் வரவில்லை, அவர் இடத்தில் உட்காரத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்று என் மனைவிதான் சொன்னாள். அஞ்சலை கையிலிருந்த ஆரத்தித் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் ஒரு கிழவி, "இன்னாடி அஞ்சல, ஃபாரின்ல மாமனக்கூட வாடகைக்கு வுடறாங்களா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அஞ்சலையின் புருஷன் நல்ல மனிதர். நேரம் போகிறது, வந்தவரை உட்கார வை, காது குத்த வந்த பத்தர் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும் என்றார்.

அஞ்சலை என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "காது குத்த மடி கெடைக்கலன்னா வெச்சிருந்தேன் இத்தினி வருசமா? எங்க பெரியப்பா மவன் இதே ஊர்ல இருக்காரு. அவரு மடியில ஒக்கார வெச்சிருக்கமாட்டனா? அம்மாவும் போயிட்டாங்க. அவன வான்னு சொல்ல எங்கிட்ட இன்னா இருக்குது? இந்தக் காத வெச்சித்தான் கூப்டுகினு இருந்தேன். இனிமே எதச் சொல்லிக் கூப்புடுவேன், சொல்லுங்க."

 திரும்பிப் போய்விடுகிறேன் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பந்தலில் இலை போட்டுவிட்டார்கள், மொட்டையடித்த குழந்தையின் தலையில் சந்தனம் பூசியாகிவிட்டது, புருஷன் வீட்டார் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, ஒக்காருங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பலகையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். எனக்கு எதிரே ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் சக்திவேல் இருந்தான். காரை எங்கேயோ ஓரங்கட்டி நிறுத்தியிருந்தான். "மாமனப் பாருடி செல்லம், அழக்கூடாது" என்று சிரித்துக்கொண்டிருந்தான். அஞ்சலை அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் தெரியாமல் தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டது போல, மரியாதையாக, "எங்க மாமா போன்ல இருக்காரு" என்றது. பத்தர் முதல் காதைக் குத்தியபோது என் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டது. அழுதது. இரண்டாவது காது குத்தும்போது போனில் படம் நின்றுவிட்டது. சிரித்த வாயோடு சக்திவேல் அசையாமல் இருந்தான்.

அன்றைக்குக் குரூப்பில் போட்டோக்களும் கைதட்டலும் நிறைந்து கிடந்தன. சக்திவேல் எல்லோருக்கும் நன்றி சொன்னான். நான் இங்கே திரும்பி வந்த பிறகு ஒருநாள் தனியாகக் கேட்டான்: "அண்ணே, தங்கச்சி முன்னெல்லாம் வெள்ளிக்கெழமையான போன் பண்ணும். இப்போ பண்றதே இல்ல. எதனா சொல்லுச்சா?" நான் குரல் செய்தியைப் பேசிப் பேசி அழித்தேன். கடைசியில் அவள் மரத்தடியில் சொன்னதை அப்படியே சொல்லி அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்பதற்கு நீலக்குறி வந்தது. பதில் வர இரண்டு நாள் ஆனது. "அதுக்குத்தான் குத்தாம வெச்சிருந்துதா" என்று மட்டும் எழுதியிருந்தான். எழுத மாட்டான் அவன், எப்போதும் பேசுகிறவன். அதற்குப் பிறகு குரூப்பில் அவன் சத்தம் குறைந்து, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களில் ஒருவனாகிவிட்டான்.

என் வாழ்க்கையிலேயே நீளமான குரல் செய்தி ஒன்றை அப்போது குரூப்பில் போட்டேன். இனிமேல் அந்த வீட்டில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்டால் ஒழிய யாரும் யாருக்கும் போய் நிற்க வேண்டாம் என்றேன். சிலருக்குக் கோபம். கஷ்டத்தில் இருக்கிறவனுக்குச் செய்கிற உதவியை நிறுத்துகிறாயே என்றார்கள். பஷீர் பாய் வருத்தமாகக் கேட்டார்: "அப்ப எங்க அத்தாவுக்கு நின்னது தப்பா ஏழுமல?"  இளநீர் வெட்டும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மய்யித்து யாருக்காகவும் காத்திருக்காது. அந்தக் குழந்தையின் காது காத்திருந்தது. எது காத்திருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் எல்லா இடத்தையும் ஆள் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தோம். இடம் நிரம்பிவிட்டால் அப்புறம் அங்கே யாரை எதிர்பார்ப்பார்கள்? வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு நான் சொல்வது புரியும். நமக்குப் பதிலாக யாராவது போய்விட்டால் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி பழகிப்போகிறது.

போன மாதம் அஞ்சலையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கள்ளக்குறிச்சி ஸ்டூடியோவில் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, சுவரில் மாட்டி எடுத்தது. புளியமரத்தடியில் மாமன் மடியில் குழந்தை. சட்டை என்னுடையது. வேட்டி என்னுடையது. முகம் மட்டும் சக்திவேலுடையது. ஊரைவிட்டுப் போகும் முன் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் இருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அவனுக்கு முன்தலையில் முடியே கிடையாது. கூடவே அவள் குரல்: "அண்ணே, கோச்சிக்காதீங்க. பாப்பா பெரிசானா யாரு மடியில குத்தினீங்கன்னு கேக்கும் இல்ல. அவன் வந்து நின்னா அதுக்கு மூஞ்சி தெரியணும் இல்ல." இன்னும் அவள் விடவில்லை என்று தெரிந்தது. அதைச் சக்திவேலுக்கு அனுப்பினேன். நீலக்குறி வந்தது. இதுவரை பதில் இல்லை.

கடைக்குத் தினமும் வரும் ஓமானி முதியவர் ஒருவர் நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துப் போனை வாங்கிப் பார்த்தார். குழந்தை பிடித்திருந்த கட்டைவிரலில் அரிவாள் பட்ட தழும்பு இருப்பதைக் காட்டினார். என் கையைப் பிடித்துத் திருப்பி அதே தழும்பைக் காட்டினார். பிறகு முகத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டார். 'சதீக்' என்றேன், நண்பன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருடைய பேரன் போனில் ஒட்டகத்துக்கு மனிதத் தலை வைத்து விளையாடுவானாம், அதைப் போலப் பண்ணியிருக்கிறாய் என்று கையால் காட்டினார். இல்லை என்று சொல்ல என்னிடம் அரபி இல்லை. தமிழில் சொல்லவே எனக்கு இவ்வளவு நாளாயிற்று. நானும் சிரித்துவைத்தேன். என் உடம்பும் சக்திவேலின் தலையும் சேர்ந்து ஊருக்குப் போய் ஒரு வீட்டுச் சுவரில் உட்கார்ந்துவிட்டன. மிச்சமிருக்கும் அவன் உடம்பு குவைத்தில் கார் ஓட்டுகிறது. மிச்சமிருக்கும் என் தலைமேல் சலாலாவின் சாரல் விழுந்துகொண்டிருக்கிறது.