முழுப் பனியன்

பனியன் கம்பெனிக்குப் பவர் டேபிள் வந்தபிறகு நஞ்சப்பனுக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. நீளமான மேசை, அடியில் ஒரே மோட்டார், மேலே வரிசையாகத் தையல் மெஷின்கள். முன்பெல்லாம் மிதிமெஷினில் உட்கார்ந்து தோளை இணைத்து, கை ஏத்தி, கழுத்துப்பட்டி வைத்து, அடி மடித்து முழுப் பனியனாகத் தைத்துப் போடுவார். இப்போது ஆளுக்கொரு தையல். அவருக்குக் கை ஏத்துகிற வேலை. தைத்ததை இடப்பக்கம் வீசினால், கழுத்து வைக்கிற தண்டாயுதபாணி பிடித்துக்கொள்வான். விடிந்தால் பொழுது போனால் அதே இழுப்பு, அதே வீச்சு.

அவிநாசி ரோட்டில் ராசப்பன் சின்னதாக ஒரு கம்பெனி போட்டிருந்தார். நாலே மிதிமெஷின். முழுப் பனியன் தைக்கிற டெய்லர்தான் வேண்டும் என்றார். அந்த வேலை கிடைத்தால் தோள் பிழைக்கும். ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பன் ட்ரையலுக்குப் போனார்.

"உங்களுக்கு எதுக்குங்க ட்ரையலு? சும்மா ஒரு பீஸ் ஓட்டுங்க, போதும்" என்று ராசப்பன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

தோள் சேர்ந்தது. இரண்டு கையும் கண்மூடித் திறப்பதற்குள் ஏறின. உடனே நஞ்சப்பன் பனியனை இடப்பக்கம் வீசினார். அது ராசப்பன் மடியில் போய் விழுந்தது.

"ஏனுங், கழுத்து நான் வெக்கோணுமுங்களா?" என்று சிரித்தார் ராசப்பன்.

நஞ்சப்பனும் சிரித்தபடி திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் பட்டியை எவ்வளவு இழுத்துப் பிடிப்பதென்று விரலுக்குப் பிடிபடவில்லை. பிரித்துத் தைத்தார். மறுபடியும் பிரித்தார். கழுத்து நெளிந்தே நின்றது.

"கை ஏத்துனது அச்சுல வார்த்தாப்ல இருக்குதுங்க" என்றார் ராசப்பன். "அதுக்குன்னு ஒரு ஆள் வெக்க நம்மால ஆகாதுங்களே. கழுத்து படிஞ்சதும் வாங்க. அடுத்த மாசம் வரைக்கும் பாக்கறேன்."

திங்கட்கிழமை மோட்டார் போடுமுன் நஞ்சப்பன் தண்டாயுதபாணியிடம் கேட்டார். "பாணி, மத்தியானம் வரைக்கும் எடம் மாத்திக்கலாமா? நான் கழுத்து வெக்கறேன், நீ கை ஏத்து."

"எனக்குக் கை ஏத்தத் தெரியாதுங்ணா."

"டெய்லர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே?"

"பொண்ணு குடுக்கோணுமில்லீங்களா?" என்று சிரித்தான். "உக்காந்த அன்னைக்கே கழுத்துப்பட்டியக் கையில குடுத்தாங்க. மத்தது எதையும் தொட்டதில்லீங்ணா. சாப்பாட்டு நேரத்துல என்ற மெஷின்ல பழகுங்க."

"அப்பத்தான் மோட்டார நிறுத்திப்போடறாங்களே."

மோட்டார் ஓட ஆரம்பித்தது. மேசை அதிர்ந்தது. வலப்பக்கத்திலிருந்து தோள் சேர்த்த பீஸ்கள் வந்து குவிந்தன. நஞ்சப்பன் முதல் பீஸை எடுத்தார்.