தண்ணீருக்கடியில் இருந்த இரும்பும் எங்கள் அம்மாவும்

இந்த வைகாசியோடு அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வெயிலையும் தூரத்தையும் பாராமல் வந்து எங்களோடு அமர்ந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். உங்களில் பலர் அம்மாவை வாய்க்கால் தலைமதகில் பார்த்திருப்பீர்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை துருவும் தாருமாக நின்றவரைப் பார்த்து, "இந்தம்மா ஆருங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர் ஏன் அங்கே நின்றார் என்பதை மூத்த மகளாகிய நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பரமத்திக்குத் தெற்கே காவிரிக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில். வெற்றிலைக் கொடிக்கால்தான் அந்த ஊருக்குச் சோறு. தாத்தாவுக்கு இரண்டே மக்கள்: மாமாவும் அம்மாவும். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. ஆனால் கொடியின் நிறத்தைப் பார்த்தே அதற்குத் தண்ணீர் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார் என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

அப்பாவுக்குச் சொற்ப மேட்டு நிலம் இருந்தது. அது போதாததால் வாய்க்காலில் லஸ்கர் வேலை பார்த்தார். காவிரியிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமதகில் நான்கு இரும்புக் கதவுகள் இருந்தன. அவற்றை ஏற்றுவதும் இறக்குவதும் கரையைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. மதகுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு.

மேட்டூரில் அணை எழுந்து முடியாத காலம் அது. ஆற்றில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. அப்படி ஓர் ஆடி மாதத்தில், பட்டப்பகலில் வெள்ளம் வந்தது. அப்பா மூன்று கதவுகளை இறக்கிவிட்டார். நான்காவது பாதியில் சிக்கிக்கொண்டது. கதவை ஏற்றி இறக்கும் இரும்புத் திருகைச் சுற்றச் சுற்ற முனகியதே தவிர அசையவில்லை. திறந்திருந்த பாதி வழியாக ஆறு வாய்க்காலுக்குள் பாய்ந்தது. கரை உடைந்தால் கீழே இருக்கிற ஊர்கள் போய்விடும். அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு கதவோரமாக இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் அம்மாவும் ஒருவர். சற்று நேரத்தில் கதவு இறங்கியது. அப்பா ஏறி வரவில்லை.

அதன் பிறகு மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்து எங்களைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அடுத்த சித்திரையில் வழக்கம்போல மராமத்துக்காக வாய்க்காலை அடைத்தார்கள். ஆற்றில் நீர் இறங்கியிருந்தது. மதகின் முன்னால் மண்மூட்டை அடுக்கிக் கரை போட்டு, கதவுகளைச் சங்கிலிக் கப்பியால் தூக்கிக் கல்மேல் கிடத்தியிருந்தார்கள். அம்மா ஒருவரிடமும் சொல்லாமல் நடந்துபோய் அந்த நான்காவது கதவைப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகம் சிவப்பு வர்ணம் பூசிப் புதிதுபோல இருந்தது. கீழ்ப்பாகத்தில் இரும்பே தெரியவில்லை. பாசி, பாசிக்குமேல் சொரசொரவென்று கடற்பஞ்சு மாதிரி ஒரு படை, அதன் இடுக்குகளில் நத்தைகள். அம்மா அதை விரலால் பெயர்த்தார். அடியிலிருந்து துரு, அடை அடையாக, பழைய ஓலையைப்போல உரிந்து வந்தது.

அங்கே புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓவர்சியர் நின்றுகொண்டிருந்தார். இளவயது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்.

"ஏனுங்க சாமி, மேல பளபளன்னு இருக்குது. அடியில இப்படிக் கெடக்குதுங்களே?" என்று அம்மா கேட்டார்.

"மேலே வர்ணம் அடிக்க ஆள் கிடைக்குதும்மா. அடியிலே இருக்கிறதைச் சுரண்ட ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. இந்தப் பஞ்சு பட்டா உடம்பெல்லாம் அரிக்கும். ஒரு நாள் வந்தவன் மறுநாள் வரமாட்டான். ஆனா இது ஒட்டியிருக்கிற வரைக்கும் அதுக்கடியிலே ஈரம் நிக்கும். ஈரம் நின்னா இரும்பைத் துரு தின்னுக்கிட்டேதான் இருக்கும். கதவு ஓடுற பள்ளத்திலேயும் இதே கதிதான். சிக்காம என்ன செய்யும்?"

"அரிச்சாச் செத்துப் போவாங்களா?"

"அதெல்லாம் இல்லேம்மா."

"அப்ப நான் வாரனுங்க."

அவர் யார் என்பது ஓவர்சியருக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு வேலைக்குச் சேர்க்கத் தயங்கினாராம். அம்மா விடவில்லை.

மாமாவுக்குச் செய்தி எட்டியதும் வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கை கழுவாமலே இலையை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏனம்மிணி, பொறந்த ஊட்டுல சோத்துக்கு இல்லையா? நாலு பேரு என்னையத்தான கேப்பாங்க? நம்ம ஊட்டுப் பொம்பள கூலிக்கு இரும்பு தேய்க்கோணுமா?"

"சோத்துக்கு இல்லீங்கண்ணா. அந்தக் கதவு இன்னொரு ஊட்டு ஆம்பளயக் கூப்பிடக் கூடாதுங்க. அதுக்குத்தான்" என்றார் அம்மா.

அன்றிலிருந்து மாமா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் மதகடி வீட்டுக்கே திரும்பினோம். சோறு மட்டும் மாமா வீட்டிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது.

முதல் ஆண்டு அம்மாவோடு சேர்ந்தவர் பாப்பாயி அக்கா ஒருவர்தான். பக்கத்துச் சேரியில் கூலி வேலை செய்தவர். வாய்த் துடுக்கு மிக்கவர். அடுத்த ஆண்டு அவர் தம் உறவுப் பெண்களையும் கூட்டி வந்துவிட்டார். கைகளில் நல்லெண்ணெய் தடவி, அதன்மேல் பழந்துணி சுற்றிக்கொண்டால் அரிப்பு குறைகிறது என்று கண்டுகொண்டார்கள். உளியால் அடையைப் பெயர்ப்பது, கருங்கல்லால் தேய்ப்பது, கம்பி பிரஷால் இரும்பு வெளுக்கும் வரை துடைப்பது எல்லாம் பெண்களின் வேலை. பிறகு ஆண்கள் இரும்பை அனலில் சூடேற்றி, சுண்ணாம்புத் தூள் கலந்த கொதிக்கும் தாரை இரண்டு முறை பூசுவார்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்தால்தான் இரண்டாவது பூச்சு. அதுவும் இறுகிய பிறகே கதவைத் தண்ணீரில் இறக்கலாம். கதவுகளை மாட்டாமல் வாய்க்காலில் தண்ணீர் விடவும் முடியாது. ஈரத்தின்மேல் பூசினால் தார் இரும்பைப் பிடிக்காது, தோலாக உரிந்துவிடும் என்று ஓவர்சியர் தலைபாடாக அடித்துக்கொள்வார். நான்காவது கதவை மட்டும் அம்மா தாமே சுரண்டுவார். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

இனி, அம்மாவின் வாழ்வில் பெரிய சோதனை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆண்டு, சுரண்டி முடித்து முதல் பூச்சுக்குத் தார் கொதிக்கும் நேரத்தில் கோடை மழை கொட்டியது. சுத்தம் செய்த இரும்பெல்லாம் மறுநாளே செம்மண் பூத்ததுபோலத் துருப்பிடித்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. ஆனால் மழை மதகடியோடு நின்றுவிட்டது. மாமாவின் ஊர் உட்படக் கடைமடை ஊர்களில் ஒரு தூறல்கூட இல்லை. தண்ணீர் திறப்பதாகச் சொன்ன நாளும் கடந்தது. கொடிக்கால்கள் வாடத் தொடங்கின. வெற்றிலைக் கொடி ஒருமுறை காய்ந்தால் பிழைப்பது அரிது. புதிதாக நட்டுப் பறிக்க நாளாகும். அதுவரை ஊர் என்ன செய்யும்?

ஒரு காலையில் கடைமடை விவசாயிகள் மண்வெட்டியோடு மதகுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் மாமா. அன்றுதான் முதல் பூச்சு காய்ந்து இரண்டாவது பூச்சு தொடங்கியிருந்தது.

"மூட்டைய எடுத்துத் தள்ளுங்க. கதவ அப்படியே இறக்கட்டும். கொடி சாகுதுங்க" என்றார் மாமா ஓவர்சியரிடம்.

ஓவர்சியர் கையைக் கூப்பாத குறையாக, "தார் இறுகலைங்க. இப்போ இறக்கினா இத்தனை பாடும் வீண். நாலு நாள் பொறுங்க" என்றார்.

"நாலு நாள்ல எங்க கொடிக்கால்ல வெறகுதான் பொறுக்கோணும்."

நான்கைந்து பேர் கரைமேல் ஏறி முதல் மூட்டையைப் புரட்டிவிட்டார்கள். ஓவர்சியரால் தடுக்க முடியவில்லை. அம்மா போய்க் கரைமேல் நின்றார். மாமாவைப் பார்த்துப் பேசினார். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அன்றுதான்.

"அண்ணா, கொடி வாடறது எனக்குத் தெரியாதுங்களா? நானும் அதுலதான் பொறந்தேன். நீங்க சொல்றது நெசம். இவர் சொல்றதும் நெசம். பூச்சு வேலை ஆம்பளைங்களுது. எங்க சோலி முடிஞ்சுது. கதவு காயற வரைக்கும் உங்க கொடிக்கு ஆத்துத் தண்ணி நாங்க சொமக்கறோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாப்பாயி அக்கா முன்னால் வந்து, "என்னங்க சிரிப்பு? நீங்க மம்பட்டி தூக்கற நேரத்துல கொடம் தூக்குனா அல்லாரு கொடியும் பொழைக்கும்" என்றார்.

வாய்க்கால் ஆற்றுக்கு இணையாகவே ஓடுவதால் கொடிக்கால்கள் ஆற்றைவிட்டு வெகுதூரம் இல்லை. ஆனால் நடுவில் அகன்ற மணல். அந்தச் சித்திரை வெயிலில் காலை வைக்க முடியாது. மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். புரட்டிய மூட்டையை அவர்களே எடுத்து அடுக்கினார்கள்.

அன்று மாலையே பெண்கள் குடங்களோடு மணலில் இறங்கினார்கள். முதல் நாள் அவர்கள் மட்டும்தான். மறுநாள் மாமா தம் எருதுகளில் தண்ணீர்த் தோல்பைகளை ஏற்றி ஓட்டி வந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வண்டிகளில் அண்டாக்களை வைத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள்கூட வரிசையில் நின்று குடத்தைக் கை மாற்றினார்கள்.

எங்கள் பக்கத்தில் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். தீட்டுக்குப் பயந்து பெண்களை உள்ளே விடவே யோசிப்பார்கள். அதனால் பெண்கள் வேலியோரக் குழியில் ஊற்ற, ஆண்கள் மொண்டு உள்ளே கொண்டுபோனார்கள். இதில் நேரம் வீணாயிற்று. மூன்றாம் நாள் மாமா வேலிப் படலைத் திறந்து வைத்து, பாப்பாயி அக்காவைப் பார்த்து, "உள்ள வாங்க. வேருக்கே ஊத்துங்க" என்றார். பாப்பாயி அக்கா தயங்கி அம்மாவைப் பார்த்தார். "எங்கண்ணன் கூப்பிடறாருல்ல, போ சாமி" என்றார் அம்மா.

ஓரப் பாத்திகள் சில கருகின. மற்றவை பிழைத்தன. தார் கல்லாக இறுகிய பிறகு, கதவுகளை இறக்கி, மண்மூட்டைக் கரையை வெட்டித் தண்ணீர் விட்டார்கள்.

அந்த ஆடியிலேயே வெள்ளம் வந்தது. அப்பாவைக் கொண்டுபோன வெள்ளத்தைவிடப் பெரிது என்று பெரியவர்கள் சொன்னார்கள். புது லஸ்கர் திருகைப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று கதவுகள் இறங்கின. நான்காவதன்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "எறங்கிருச்சும்மிணி" என்று மாமா தோளைத் தொட்டுச் சொன்ன பிறகே திறந்தார். அன்றைக்கு அம்மா அழுதார். அப்பா இறந்த அன்று அழாத அழுகை அது என்று நினைக்கிறேன். பிறகு எல்லாருக்கும் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். மராமத்து நாள்களில் கொடிக்கால்களுக்கு இறைப்பதற்கென்று ஊரார் கூடிக் கிணறுகள் வெட்டினார்கள். அதனால் கதவு காய்வதை யாரும் அவசரப்படுத்தவில்லை. போர்க்காலத்தில் தாரும், கதவின் மேல்பாகத்துக்குப் பூசும் சிவப்பு ஈயச் செந்தூரமும் கிடைக்காமல் போயின. "பூச்சு இல்லாட்டி என்ன, சொரண்டற கை இருக்குதல்ல?" என்று சொல்லி அம்மா அடைப்பு நாள்களில் இருமடங்கு சுரண்ட வைத்தார். இருந்த கொஞ்சம் தாரைக் கதவின் அடிவிளிம்புக்கும் ஓரங்களுக்கும் மட்டும் பூசி அந்த ஆண்டுகளைக் கடத்தினார்கள். ஒரு கதவும் ஓட்டை விழவில்லை. இதற்கிடையில் என்னைப் பள்ளி ஆசிரியையாகப் படிக்க வைத்தார். தம்பியை விவசாயத்தில் நிலைக்க வைத்தார். பாப்பாயி அக்காவின் மகள் திருமணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். அதற்கு முகம் சுளித்தவர்களைப் பொருட்படுத்தவில்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் மூச்சிரைப்பால் அவதிப்பட்டார். சென்ற ஆண்டு மராமத்து நடக்கும்போதே படுக்கையில் விழுந்தார். வைத்தியர் வந்து பார்த்து எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். அன்று வேலை விட்டதும் பெண்கள் எல்லாரும் துருக்கையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா ஒவ்வொருவர் கையையும் வாங்கிப் பார்த்தார். "எண்ணெய் தடவுலியா?" என்று ஒரு புதுப் பெண்ணைக் கடிந்துகொண்டார். அடுத்த நாள் காலையில் அமைதியாக உயிர் பிரிந்தது.

அம்மாவின் நோயில் இரவு பகலாகத் துணை நின்ற பாப்பாயி அக்காவுக்கும், மறுக்காமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், மாற்றலாகி வெகுதூரம் போய்விட்டாலும் செய்தி கேட்டு ரயிலேறி வந்து எங்களோடு நின்ற பழைய ஓவர்சியருக்கும், பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டுவந்து போர்த்திய மாமாவுக்கும், அன்று வேலையை நிறுத்திவிட்டு வந்த மதகுத் தொழிலாளர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டு மராமத்து இன்னும் முடியவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் மதகடியில் வண்டியைச் சற்று நிறுத்துங்கள். நான்கு கதவுகளும் கல்மேல் காய்ந்துகொண்டிருக்கின்றன. நான்காவது கதவை இந்த முறை பாப்பாயி அக்காவின் மகளும் மாமாவின் மகனைக் கட்டிய மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து சுரண்டி முடித்தார்கள். அடுத்த வாரம் தண்ணீர் திறக்கிறார்கள்.