சுற்றிக்கொண்டிருந்த வட்டம்

வெள்ளிமலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, கையில் பழைய பட்டன் போன். முன்சீட்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

நான் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய கூலி முழுவதையும் போனில் கிரிக்கெட் பந்தயமாக வைத்தேன். அடுத்த பந்து சிக்ஸர் என்று அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்றியது. பந்து சிக்ஸருக்கே போனது. ஆனால், 'பந்தயம் ஏற்கப்படவில்லை' என்று வந்தது.

"மலையில டவரே சரியில்ல சார்," என்றேன்.

"டவர் இன்னாப்பா பண்ணும்? அந்த வட்டத்த சுத்த வுட்டதே நான்தான்," என்றார்.

ஆன்லைன் பந்தயம் புதிதாக வந்தபோது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குச் சென்னையிலிருந்து மென்பொருள் எழுதினாராம்.

"உன் பந்தயத்த அஞ்சு செகண்டு நிறுத்தி வெச்சுப் பாப்போம். பந்து உன் பக்கம் போனா பணத்த திருப்பி வுட்ருவோம். போவலன்னா வாங்கிக்குவோம்."

"அப்ப நான் எப்பங்க ஜெயிக்கிறது?"

"அத எழுதச் சொல்லி யாரும் கேக்கலயே."

நான் நம்பவில்லை. மறுபடி சிக்ஸர் என்று அழுத்தினேன். அவர் கம்பியை நிதானமாக ஐந்து முறை தட்டினார். ஐந்தாவது தட்டில் வட்டம் நின்றது. பந்து கீப்பர் கைக்குப் போயிருந்தது. பந்தயத்தை ஏற்றுக்கொண்டார்கள். கூலி போய்விட்டது.

"பாத்தியா? இன்னும் அதே அஞ்சுதான்!"

என்னைத் தடுக்கத்தான் சொன்னார் என்று பல நாள் நினைத்துக்கொண்டேன். ஆனால் அப்போது அவர் முகத்தில் இருந்தது, பிள்ளை பாஸானதைக் கேட்டவரின் சந்தோஷம்.