மலையிறங்கி வந்த அக்கா

இந்த நினைவு மலருக்காக எழுதச் சொன்னபோது, நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய கடைசி நாட்களில் அவருக்கு நான் ஒரு தவறு செய்தேன். உறவினர்களும் மடத்துச் சிஸ்டர்களும் அறிய அதை இங்கே எழுதிவிட்டால்தான் என் மனம் ஆறும்.

அக்கா பிறந்தது ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடையில். அப்பா காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களின் பேரெழுதி வேலை பிரித்துக் கொடுப்பவர். அம்மா அதே தோட்டத்தில் பழம் பறித்தார். அக்காவுக்கு அடுத்துப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட, பல வருடம் கழித்து நான் பிறந்தேன். அம்மா தோட்டத்துக்குப் போய்விடுவதால் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். கடைசிவரை என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டார். தலை வழுக்கையாகி, பேருந்து நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வும் பெற்ற பிறகும் நான் அவருக்குக் கண்ணுதான்.

இருபது வயதில், ஏற்காட்டுக் கன்னியர் மடத்தில் சேரப்போவதாக அக்கா சொன்னார். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. "இருக்கறது ஒரே பொண்ணுங்க சாமி. அதையும் குடுத்துட்டு நான் என்னுங்க பண்றது?" என்று பங்குத்தந்தையிடமே போய்ச் சண்டை பிடித்தார். அக்கா சிரித்துக்கொண்டே, "ஏற்காடு என்ன சீமையாம்மா? பஸ் ஏறுனா வந்துரப் போறேன்" என்றார்.

ஆனால் பஸ் ஏறுவது அவர் கையில் இல்லை. வருடத்துக்குச் சில நாட்கள்தான் வீட்டு விடுமுறை. மற்றபடி எதற்கும் மடத்துத் தலைவியான மதரிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த வாழ்க்கையின் ஒழுங்கு எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. அக்காவிடமிருந்து எனக்கு வரும் கடிதங்கள் சிலசமயம் ஒரு வார்த்தையின் நடுவிலேயே நின்றிருக்கும். அடுத்த வரி வேறு நாளில், வேறு மையில் தொடரும். மடத்தில் மணி அடித்துவிட்டால் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்து போகவேண்டுமாம். "ரெண்டு எழுத்து எழுதிட்டுப் போனா என்னக்கா?" என்று கேட்டேன். "அந்த ரெண்டு எழுத்துலதான் கண்ணு நம்ம இஷ்டமெல்லாம் இருக்குது" என்றார்.

நர்ஸ் படிப்பு முடித்தபின் அவருக்கு மடத்து மருந்தகத்தில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் மருந்துப் பெட்டியோடு மாரமங்கலம் பஸ்ஸில் போய், இறங்கி, மிளகுக்கொடிகளுக்கு நடுவே நடந்து ஊர் ஊராகப் போவார். பிரசவம் பார்த்தார், ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டார், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன்மாரை வாசலில் நிற்கவைத்து வெளுத்து வாங்கினார். மலையில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. 'ஊசி சிஸ்டர்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் சிஸ்டர்களே சிரிப்பார்கள். மடத்தில் சமையல் முறை வாராவாரம் ஆள் மாறும். அக்காவின் முறை வரும்போது மற்றவர்கள் முகத்தில் கவலை தெரியுமாம். அக்காவுக்குச் சமையல் சுட்டுப்போட்டாலும் வராது. "இந்த வாரமும் தவக்காலமுங்களா?" என்று நோன்பு நாட்களைச் சொல்லி இளைய சிஸ்டர்கள் கேலி செய்வார்கள். கோபமும் வரும். வந்தால் அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் என் மனைவி காலமானார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். சேலத்து வீட்டில் நான் தனியாள் ஆனேன். அடுத்த சில மாதங்களில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. இனி மருத்துவம் செய்வதில் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் நேரே மடத்துக்குப் போனேன். "எங்க அக்காளை எங்கூட அனுப்பிடுங்க மதர். கடைசிக் காலத்துல நான் பாத்துக்கறேன்" என்று அழுதேன். யோசித்துச் சொல்வதாக மதர் சொன்னார். பக்கத்து அறையிலேதான் அக்கா படுத்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. மதர் சொன்னால் அக்கா மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வழியாகப் போனேன். பத்து நாளில் அக்காவைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது ஏதோ வென்றுவிட்டதுபோல இருந்தது எனக்கு.

முன்னறையில் கட்டில் போட்டேன். முதல் நாளே, "இந்த சன்னலை ஏன் கண்ணு சாத்தியே வெச்சிருக்கே? தொற" என்றார். என் மனைவி போன நாளிலிருந்து அது சாத்தியே கிடந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தால், "நீயும் தட்டு எடுத்துட்டு வா. தனியா எனக்கு எறங்காது" என்று பிடிவாதம் பிடிப்பார். இரண்டு வாய்தான் சாப்பிடுவார். நான் முழுத்தட்டும் முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

விடியற்காலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு திருப்பாடல்களைச் சத்தமாகச் சொல்வார். ஒரு வரி சொல்வார். நிறுத்துவார். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். மறுபடி ஒரு வரி. சமையலறையிலிருந்து கேட்ட எனக்கு, மூச்சு வாங்குகிறதோ என்று பயம். ஒருநாள் போய்க் கேட்டேன்.

"முடியலையாக்கா? மெதுவா மனசுக்குள்ள சொல்லேன்."

"அதெல்லாம் இல்ல கண்ணு. கோயில்ல நாங்க ரெண்டு பக்கமா உக்காந்து சொல்லுவோம். ஒரு வரி எங்க பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம். இப்ப அவங்க வரி. மலைமேல சொல்லிட்டு இருப்பாங்க. முடிக்கட்டும்."

நான் வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பது வருடத்துக்கு மேல் எதிர்ப்பக்கம் ஒரு குரலோடு செபித்தவரை, பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்திருக்கிறேன்.

அன்றே கேட்டேன்: "மலைக்குப் போயிரலாமாக்கா?" அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் வாய் வேறு சொன்னது. "நீ எப்ப சொல்றியோ அப்பப் போலாம் கண்ணு."

அந்த வாரமே கூட்டிப்போயிருக்க வேண்டும். மகள் வருகிறாள், ஞாயிறு கழியட்டும் என்றேன். ஞாயிறு கழிந்தது. மலையில் மழை, ரோடு சரியில்லை என்றேன். மழையும் விட்டது. உண்மையில் அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதற்கிடையில் எதிர்ப்பக்கத்து வரிகளை நான் படிக்க ஆரம்பித்தேன். "ரயில் புடிக்கப் போறியா? மெதுவாப் படி" என்று அக்கா கேலி செய்வார். ஒருவழியாகச் சனிக்கிழமைக்கு வண்டி சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை ரவைக்கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனபோது அக்கா போயிருந்தார்.

சொன்ன வண்டியை ஒருநாள் முன்னதாக வரவழைத்து அவர் உடலோடு மலையேறினேன். மடத்து வாசலில் சிஸ்டர்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர்களே குளிப்பாட்டி, உடுத்தி, தங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அக்காவின் நோயில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்து, புனித எண்ணெயால் நோயில்பூசுதல் செய்த தந்தைக்கும், அடக்கத்தன்று மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மக்களுக்கும், அன்று தங்கள் கடையை அடைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த ஏற்காட்டுக் கடைவீதி பாய் குடும்பத்தாருக்கும் என் நன்றி.

மதருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவரிடம் போய், "நான் கேட்டதுனாலதானுங்க அனுப்புனீங்க. உங்க நடுவுல போயிருக்க வேண்டிய உசுரைப் பிரிச்சுக் கொண்டுபோயிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

மதர் சொன்னார்: "அனுப்ப முடியாதுன்னு உங்களுக்கு லெட்டரே எழுதி வெச்சிருந்தேனுங்க. உங்க அக்காதான் சுவரைப் புடிச்சு நடந்து என் ரூமுக்கு வந்தாங்க. 'என் தம்பி ஊட்டுக்கு அனுப்புங்க மதர். சம்சாரம் போனதுல இருந்து அவன் அடுப்பே மூட்டறதில்லைங்க. ஓட்டல்ல வாங்கி நின்னுக்கிட்டே தின்னுட்டுப் படுத்துக்கறான். நான் போயி அங்க படுத்துக் கெடந்தா, எனக்குக் கஞ்சி வெக்கவாவது எந்திரிப்பானுங்க'ன்னு சொன்னாங்க. அவங்க இத்தன வருஷத்துல தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதானுங்க."

என் பாரம் இதனால் குறையவில்லை. கூடியிருக்கிறது. சாகப்போகும் வேளையில் தன் சகோதரிகளை விட்டு எனக்காக இறங்கி வந்தவரை, திரும்ப ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்.

முதலாண்டு நினைவுத் திருப்பலி மடத்துச் சிற்றாலயத்தில் காலையில் நடைபெறும். அது முடிந்ததும் உறவினர்களும் நண்பர்களும் சிஸ்டர்களும் சேலத்தில் என் வீட்டுக்கு மதிய உணவுக்கு வந்து சிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வெளியில் சாப்பாட்டுக்குச் சொல்லவில்லை. சமையல் நானேதான் செய்கிறேன்.