என் வீட்டுக்காரர் கையை ஒடித்த டிராக்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலாப்பட்டு தாண்டி ஒரு புது ஹோட்டலுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். மகள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே இடமில்லை, அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். சரி என்று வெளியே வந்தால் புல்வெளி. புல்வெளியின் நடுவில்... ஒரு பழைய டிராக்டர்!

பளபளவென்று சிவப்பு பெயின்ட். பானெட் மேல் பூத்தொட்டி. சக்கரத்தைச் சுற்றி சீரியல் லைட். ஆளாளுக்கு ஏறி உட்கார்ந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் சும்மா இருக்குமா? நானும் ஒரு காலைத் தூக்கி வைத்தேன். செக்யூரிட்டிக்காரர் விசிலோடு ஓடி வந்தார்.

"மேடம்... ஏறாதீங்க மேடம். வுழுந்துடப் போறீங்க."

எழுபதைத் தாண்டிய பொம்பளையைப் பார்த்து வேறென்ன சொல்வார்? இதே மாதிரி ஒரு வண்டியில் நான் ஒன்பது வருஷம் உட்கார்ந்து உழுதவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் முட்டிவலி தெரியும், பக்கத்து வீட்டு நாயோடு என் சண்டை தெரியும். டிராக்டர் கதையை மட்டும் இதுவரை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. அபிஷேகப்பாக்கம் பக்கம் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம். என் வீட்டுக்காரர் தணிகாசலம் பாண்டிச்சேரி மில்லில் வேலை. ஷிப்டு போக மிச்ச நேரம் விவசாயம். ஏலத்தில் வந்த ஒரு பழைய டிராக்டரைப் பிடித்துப் போட்டிருந்தார். எங்கள் நிலம் போக, ஊரார் நிலத்தையும் உழுது கொடுப்பார்.

சாவி போட்டால் கிளம்புகிற வண்டி இல்லை அது. முன்னால் ஹேண்டில் மாட்டிச் சுற்ற வேண்டும். பெட்ரோலில் கிளம்பும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் குட்டியாக ஒரு லீவர். அதைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொட வேண்டும். மறந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். லேசான உதை இல்லை... எலும்பு முறிகிற உதை.

ஒரு நாள் காலையில், ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், அவர் மறந்தார்.

"சரசூ!" என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்க்கிறேன் — வலது மணிக்கட்டு வேறு திசையில் திரும்பியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது.

நடவு நேரம். எங்கள் நிலத்தையாவது பிறகு பார்க்கலாம். கோவிந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

கோவிந்தம்மா எங்கள் மேட்டு வயலுக்கு அடுத்த வயல்காரி. புருஷன் இல்லை. முக்கால் காணி குத்தகை நிலம், அதில் விளைவதுதான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் வருஷத்துச் சோறு. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் முறை அந்த வாரத்தோடு சரி. ஊரில் எந்த ஏரும் சும்மா இல்லை. "நான் ஓட்டித் தர்றேன்" என்று என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்ததால், அவள் வேறு யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் வந்தாள். அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா பண்றது..." என்று மட்டும் கேட்டாள்.

"நான் ஓட்றேன்" என்றேன்.

என் வாயா அப்படிச் சொன்னது? எனக்கே தெரியவில்லை. காய்ந்த களத்தில் இரண்டு தடவை வட்டமடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் அவர். "நானே ஒடிச்சிக்கினு ஒக்காந்துகிறேன்."

"நீங்க லீவர மறந்தீங்க. நான் மறக்க மாட்டேன்."

கொஞ்சம் கொடூரமான பதில்தான். ஆனால் அதுதான் உண்மை.

லீவரை இறக்கினேன். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடக்கிக்கொண்டு, ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுத்தேன். மேலிருந்து அழுத்தவே கூடாது. முதல் இழுப்பு — ஒன்றுமில்லை. நாலாவது இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஏழாவதில் புகை கக்கிக்கொண்டு பிடித்தது.

வயலில் முதல் சுற்று நன்றாகவே போனது. வரப்பெல்லாம் கூட்டம். பக்கத்து நிலத்துக்காரர் அருளப்பன் குடையோடு நின்றிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் 'சொல்தா' என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் சிப்பாய். ராணுவ லாரி ஓட்டியவர் என்பதால் வண்டி விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மூன்றாவது சுற்றில் ஈசானி மூலையில் வண்டி நின்றது. பின் சக்கரங்கள் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டன. நான் என்ன செய்தேன்? எல்லாரும் செய்கிற தப்பைத்தான். முதல் கியரைப் போட்டு முழுசாக முறுக்கினேன். பின் சக்கரம் அசையவில்லை. முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கண்ணுக்கு எதிரே வயல் மறைந்து வானம் தெரிந்தது.

கிளட்சை மிதித்தேன். தொபுக்கென்று கீழே விழுந்தது வண்டி. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் பின்பக்கமாகக் கவிழ்ந்து என்னைச் சேற்றில் அமுக்கியிருக்கும்.

"எறங்கும்மா, போதும்!" என்று கத்தினார் சொல்தா. "மாடு கட்டி இஸ்துக்கலாம். இதெல்லாம் பொம்பள வேலையா?"

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "வுட்டுடு சரசு. எறங்கி வந்துடு" என்றார். அதட்டல் இல்லை... கெஞ்சல்.

இறங்கினேன். தொடை வரைக்கும் சேறு. ஒளித்து என்ன? சாகிற பயம். அப்போது நாற்றங்கால் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாற்று நுனியெல்லாம் மஞ்சள் கட்டியிருந்தது. இன்றைக்கு விட்டால் கோவிந்தம்மாவுக்கு இந்தப் போகமே கிடையாது.

முன்னால் போனால்தானே தூக்குகிறது? பின்னால் வந்தால்?

"மண்வெட்டி எடுத்தாங்கடி" என்றேன். நடவுக்கு வந்திருந்த ஐந்து பெண்களும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கலப்பையைக் கழற்றினோம். சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வெட்டி, வைக்கோலும் மூங்கிலும் திணித்தோம். முக்கால் மணி நேரம். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டு, கிளட்சை மெள்ள மெள்ள விட்டேன். வண்டி முனகியது, ஆடியது... ஏறி வந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. கோவிந்தம்மா மட்டும், "அந்த மூலைய மம்முட்டியாலயே கொத்திக்கலாம்க்கா, அங்க போவாத" என்றாள். மத்தியானத்துக்குள் மீதியை முடித்தேன். சாயந்திரமே நடவு. மூன்று நாள் கழித்து சொல்தா வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம், "நம்ம நெலத்துக்கு எப்ப வருது வண்டி?" என்று கேட்டார். வண்டி வருமாம். அதை ஓட்டுகிறவள் வர மாட்டாளாம்!

போனேன். அந்தப் போகத்தில் பதினேழு வயல்.

என் வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். "இன்னா தணிகாசலம், பொண்டாட்டி டிரைவரு, நீ கிளீனரா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து துண்டை வீசி எறிவார். நான் சமாதானம் சொல்லவில்லை. என்ன சமாதானம் சொல்வது? உழுதது தப்பு என்றா?

ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். மறுநாள் காலையில் நான் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். அந்தக் கை இளைத்து, வெளுத்திருந்தது.

"இனிமே நான் பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போ."

தான் தோற்றதாக நினைத்துவிடுவாரோ என்று ஒரு கணம் தயங்கினேன். ஒரே கணம்தான்.

"நீங்க ஷிப்டுக்குப் போங்க. வண்டி என்கிட்டயே இருக்கட்டும். எனக்கு வருது... புடிச்சிருக்கு."

என் கையிலிருந்த பெட்ரோல் கேனை வாங்கினார். தானே ஊற்றினார். மூடியை இறுக்கினார். ஸ்டீயரிங் பக்கம் போய், லீவர் இறங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

நம் வீடுகளில் பெண்கள் ஒரு வேலைக்கு வருவது அவசரத்துக்குத்தான். அவசரம் முடிந்ததும் ஒதுங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஏறுவதைவிட, இறங்க மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் அதிகத் தெம்பு வேண்டியிருந்தது எனக்கு.

அன்றைக்கு நான் வயலிலிருந்து வந்தபோது, ஷிப்டு முடிந்து வந்த மனுஷன் குழம்பு வைத்திருந்தார். உப்பா? அதைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை!