ஐந்து கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்த ஊர்

காலையில் ஐந்து மவுஸ்களையும் கவிழ்த்துப்போட்டு அழுக்கெடுப்பது ஜாக்குலினின் வேலை. அடிமூடியைத் திருகினால் நெல்லிக்காய் அளவில் ஒரு ரப்பர் உருண்டை கையில் விழும். அதைத் துடைத்து வைத்துவிட்டு, உள்ளே குட்டி உருளைகளில் மோதிரம்போலச் சுற்றியிருக்கும் அழுக்கைக் கொண்டை ஊசியால் சுரண்டுவாள். ஒரு காலத்தில் திண்டிவனத்தில் பாதிப் பேரின் கையழுக்கு அதில் இருந்தது. 2004இல் அந்தப் பாதிப் பேரும் வருவதைக் குறைத்துக்கொண்டதால், சுரண்ட அவ்வளவாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று சாம்பல் புதன். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்த அவள் கணவன் வளன், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றான். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கஷ்டமான விஷயத்தைச் செருப்புக் காலோடு சொல்லிவிட்டு நகர்வது அவன் வழக்கம்.

"தம்பி அருண் கேட்டான். செல்போன் கடை வைக்கப் போறானாம். ரோட்டைப் பார்த்த ரூமு நம்ம கிட்டதான் இருக்குதுன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஈஸ்டர் கழிச்சுப் பார்க்கலாம்னேன்."

"பார்க்கலாம்னா?"

"அதுக்குள்ள இந்த ரூமுக்கு ஒழுங்கா ஒரு வேலை வந்து நின்னா உனக்கு. இல்லைன்னா அவனுக்கு. ரிசல்ட் வர்ற ரெண்டு நாள் மட்டும் தெருவே நம்ம வாசல்ல நிக்குது ஜாக்கு. மிச்ச நாள் நீ மட்டும்தான் உக்காந்துக்கினு இருக்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் ஜாக்குலினுக்குக் கோபம் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே வேகமான இணைப்போடு இரண்டு பிரவுசிங் சென்டர்கள் வந்துவிட்டன. இவளிடம் இருந்தது ஒரே தொலைபேசிக் கம்பி. அதைத்தான் ஐந்து கம்ப்யூட்டர்களும் பங்கு போட்டுக்கொண்டன. இணையம் ஓடினால் போன் வராது, போன் பேசினால் இணையம் ஓடாது.

அந்த அறைக்கு அவள் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் நீளம். 1993இல் வளவனூரிலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரம் போய், ரயிலடித் தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டாள். தலைப்பை நடுவில் அடிக்க வேண்டுமென்றால் எழுத்துகளை எண்ணி, பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை தட்டு பின்னால் போக வேண்டும். அவளுக்கு எண்ணாமலே விரல் போகும். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை செய்தாள். தட்டச்சில் வேகம், பிழை கிடையாது என்று பெயர். இணையம் ஊருக்குள் வந்ததும் ஒன்று ஐந்தாயிற்று.

ஒருநாள் ஏதோ ஒரு வலைப்பக்கத்தின் மேல் மவுஸின் வலது பக்கத்தைத் தெரியாமல் அழுத்தி, வந்த பட்டியலில் 'வியூ சோர்ஸ்' என்று இருந்ததைத் தட்டிவிட்டாள். அழகான பக்கத்துக்குப் பின்னால் வெறும் எழுத்து. அம்புக்குறிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டளைகள். இங்கிருந்து தடித்த எழுத்து, இதோடு முடிந்தது. இங்கிருந்து பத்தி, இதோடு முடிந்தது. திறந்ததை மூட வேண்டும், அவ்வளவுதான். 'சென்டர்' என்று ஒரு வார்த்தை போட்டால் தலைப்பு தானாக நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணி எண்ணித் தட்டிய வருஷங்களை நினைத்து அவள் தனியாகச் சிரித்தாள். அதன் பிறகு கூட்டமில்லாத மத்தியானங்களில் ஊரார் பக்கங்களையெல்லாம் புரட்டிப்போட்டுப் பார்த்தே, எச்டிஎம்எல் என்ற அந்தக் கட்டளை மொழியைக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அந்த வித்தைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவள் ஹஸீனா.

ஹஸீனாவுக்குப் பிறந்த ஊர் கோட்டக்குப்பம், புருஷன் ஜகபர் சாதிக்குக்கும் அதே ஊர். அவன் ஷார்ஜாவில். அவள் பிள்ளைகளின் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வீடெடுத்து இருந்தாள். வாரம் ஒருமுறை ஜாக்குலினின் மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனோடு தங்லீஷில் சண்டை போட்டுவிட்டுப் போவாள்.

"அக்கா, அங்க நம்ம ஊர் ஆளுங்க பன்னெண்டு பேரு ஒரே ரூமு. ஊர்ல இன்னா நடக்குதுன்னு தெரியாம பேஜாரா இருக்குதாம். ஊர்ச் செய்திக்கு ஒரு வெப்சைட்டு வேணுமாம். நல்லா வந்துச்சுன்னா வருஷம் பூரா உங்க கிட்டயே குடுத்துடுவாங்க."

"செய்தி யாரு தர்றது?"

"நான்தான். எங்கம்மா வூட்டுக்கு ஒரு போனு போட்டா ஊரே பேசும்."

ஜாக்குலின் விளக்கினாள். எங்கோ அமெரிக்காவில் இரவு பகல் அணைக்காமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், அதுதான் சர்வர். அந்த இடத்துக்கு ஒரு பெயர் வாங்க வேண்டும். ஷார்ஜாவில் யாராவது அந்தப் பெயரைத் தட்டினால், சர்வர் பக்கத்தை எடுத்து அனுப்பிவிடும்.

"அப்ப நம்ம ஊரு அமெரிக்காவுல வாடகைக்கு இருக்கப் போவுது," என்றாள் ஹஸீனா.

பத்து நாளில் பக்கம் தயாரானது. பச்சைப் பட்டையில் தலைப்பு. கீழே நிக்காஹ் தேதிகள், தண்ணீர்த் தொட்டி வேலை, பாண்டிச்சேரி பஸ் நேரம் மாறியது. திருவிழா நோட்டீசுக்குப் பயன்படுத்தும் அதே கொழுத்த எழுத்துருவில் அடித்தாள். தன் ஐந்து கம்ப்யூட்டர்களிலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். வளனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்குது," என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவில் விடுமுறை. பன்னிரண்டு பேரும் ஒரு திரை முன்னால் கூடினார்கள். மறுநாள் காலை ஹஸீனா உள்ளே வரும்போதே முகம் சரியில்லை.

"அக்கா, ஒண்ணும் புரியலையாம். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதாம். ஒருத்தர் ரஷ்யா பாஷைன்னாராம். இன்னொருத்தர் நம்ம ஊர்ல எப்ப ரஷ்யாக்காரன் வந்தான்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம். எங்க வூட்டுக்காரருக்குத்தான் வெக்கமாப் போச்சாம்."

"அவங்க மிஷின்ல கோளாறு. இங்க அஞ்சுலயும் பளிச்சுன்னு தெரியுதே!"

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். டைப்ரைட்டிங் படித்த அதே தெருவில் இப்போது ஒரு பிரவுசிங் சென்டர். யாரோ போல உள்ளே போய், பலகை அடித்த சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்து, தன் பக்கத்தின் பெயரைத் தட்டினாள்.

பச்சைப் பட்டை வந்தது. அதற்குக் கீழே கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நின்றன. தானே பத்து நாள் உட்கார்ந்து அடித்ததில் ஒரு சொல்லைக்கூட அவளால் படிக்க முடியவில்லை.

அவசரப்பட்டு எழுந்து போகாதது அவள் குணம். அதே கம்ப்யூட்டரில் வேறு தமிழ்ப் பக்கங்களைத் தேடினாள். பலதும் இதே கதி. ஒன்று மட்டும் தெளிவான தமிழில் வந்தது. வலது பக்கத்தை அழுத்தி அதன் பின்பக்கத்தைத் திறந்தாள். கட்டளைகளுக்கு நடுவிலும் தமிழ், தமிழாகவே இருந்தது. உச்சியில் தன் பக்கத்தில் இல்லாத ஒரு வரி, அதில் யூடிஎஃப்-8 என்று ஒரு பெயர். அதைக் கைப்பையிலிருந்த காணிக்கை உறையின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்கு விளங்கியது. டிடிபியில் எழுத்துரு காகிதத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும். அச்சடித்த நோட்டீசை யார் வீட்டில் பிரித்தாலும் தமிழ்தான். வலையில் அப்படி இல்லை. அவள் கம்ப்யூட்டருக்குள் இருந்தது தமிழே இல்லை. தமிழ் வேஷம் கட்டிய ஆங்கில எழுத்துகள். வேஷம் அவள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. டிடிபிக்காக அதே எழுத்துருவை ஐந்திலும் அவள்தான் ஏற்றி வைத்திருந்தாள். ஷார்ஜாவுக்கு எழுத்துகள் மட்டும் போயிருக்கின்றன, வேஷம் போகவில்லை.

மறுநாள் ஹஸீனாவிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "பிரியாணி அனுப்பறோம்னு நினைச்சுக்கினு பக்குவச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கோம். ஆக்குறது அங்க இருக்கிற அடுப்புல. அங்க மசாலா இல்லைன்னா எப்புடிக்கா?"

"மசாலா எல்லா வூட்லயும் இருக்கிறதாப் பார்த்து எழுதணும்."

அதுதான் யூனிகோடு; உறையில் எழுதிவந்த யூடிஎஃப்-8 அதன் ஒரு வடிவம். உலகத்தில் உள்ள ஒவ்வொரு மொழியின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக ஓர் எண், அந்த எண்ணை எந்த நாட்டுப் புதுக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும். இன்றைக்குக் கைபேசியில் தமிழ் தானாக வந்து விழுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். அன்றைக்கு ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு கணக்கு. ஒருவர் அடித்தது இன்னொருவருக்குக் கிறுக்கல்.

அவளிடமிருந்த ஐந்தில் ஒன்றுதான் புதிது, விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. மற்ற நான்குக்கும் யூனிகோடு தமிழ் தெரியாது. அந்த ஒன்றில் உட்கார்ந்து, இருந்த செய்தி அத்தனையையும் முதல் எழுத்திலிருந்து திரும்ப அடித்தாள். தவக்காலம் முழுக்க வீட்டில் மீன் குழம்பு கிடையாது, ஆகவே அடுப்படியில் வேலை குறைவு. புதுச் செய்திகளும் சேர்ந்தன. ஹஸீனா போனில் கேட்டு வந்து சொல்லச் சொல்ல அடித்தாள். பெரிய வியாழன் சாயங்காலம் பக்கத்தை சர்வரில் ஏற்றி முடித்தபோது பாதம் கழுவும் பூசைக்கு மணி அடித்துவிட்டது. விழுப்புரம் போய்ச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. தன் வீட்டில் தெரிவது சாட்சியாகாது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

பெரிய வெள்ளி. கடை அடைப்பு. கோயிலில் கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கொழுந்தன் இருதய அருணும் கூடவே வந்தான். நல்லவன்தான், வாய் கொஞ்சம் நீளம். ஓரத்துக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பக்கத்தின் நகலைத் திறந்தவன் கையை உதறினான்.

"அண்ணி, போச்சு! போன தபா எறும்பு. இப்ப கட்டம் கட்டமா இருக்குது. ஒரு எழுத்தும் இல்லை."

வளன் வந்து எட்டிப் பார்த்தான். அடுத்ததையும் திறந்தான். அதிலும் கட்டங்கள்தான்.

"அந்த மிஷினுங்கள்ல அப்புடித்தான் தெரியும்," என்றாள் ஜாக்குலின்.

"நம்ம வூட்டுலயே தெரியலை, ஷார்ஜாவுல தெரியுமா அண்ணி?"

"அங்க தெரியறதுக்குத்தான்டா இங்க தெரியலை."

அருண் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தான். "சரி, நான் வெளிய இருக்கேன்," என்று அருண் போய் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டான்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. ஜகபர் சாதிக். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, படிக்கிறேன், கேளுங்க," என்றான். "'கோட்டக்குப்பம் ஊர்ச் செய்தி'. சரியாக்கா?"

ஜாக்குலின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ம்," என்றாள்.

"'யூசுப் அலி வீட்டு மாடியில் குரங்குத் தொல்லை'. டேய் யூசுப்பு, உங்க வூட்டுல உன் தம்பி இல்லையாடா?" பின்னால் சிரிப்பு. "'தண்ணீர்த் தொட்டி வேலை பாதியில் நிற்கிறது'. அது எப்பவும் நிக்கிறதுதானே. 'பஸ் நிறுத்தம் டீக்கடை திரு. மண்ணாங்கட்டி காலமா...'"

அவன் நிறுத்தினான். இரைச்சலும் நின்றது.

"எப்பக்கா?"

"போன செவ்வாய்க்கிழமை. தூக்கத்துலயே."

"எங்களுக்கு யாருமே சொல்லலைக்கா." யாரோ பின்னாலிருந்து பேசினார்கள். அவன் திரும்பிப் பேசிவிட்டு வந்தான். "டீக்கடைக்காரரு செத்ததுக்கு யாரு ஐ.எஸ்.டி. போடுவாங்க, சொல்லுங்க? ஊருக்குப் போனா மொதல்ல அவரு கையால ஒரு டீ குடிச்சிட்டுத்தான் வூட்டுக்கே போவோம்." "கடையை இப்ப யாரு பார்க்கிறது?"

"தெரியலையே."

"விசாரிச்சு அடுத்த வாரம் போடுங்கக்கா. எல்லாரும் கேக்கறாங்க. வாராவாரம் வியாழக்கிழமையே போட்டுடுங்க. ஒரு வருஷத்துக்கு நீங்கதான். ஹஸீனா கிட்ட சொல்லிட்டேன். ஆங், அப்புறம் எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க, எங்க ரூமுல கண்ணாடி போட்டவங்க ஜாஸ்தி."

போனை வைத்ததும் ஜாக்குலின் உட்காரவில்லை. உடனே ஹஸீனாவின் எண்ணைச் சுழற்றினாள்.

"ஹஸீனா, மண்ணாங்கட்டி கடையை இப்ப யாரு நடத்தறாங்க? அவரு பொண்டாட்டியா, மவனா? பேரோட கேட்டுச் சொல்லு. பால் எங்க வாங்கறாங்கன்னும் கேளு."

வளன் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். காலில் செருப்பு இல்லை. வெளியே வண்டிமேல் அருண் கால் ஆட்டிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

"ஏம்மா," என்றான். "இப்ப அவன் கிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

ஜாக்குலின் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு புதுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஹஸீனா சொல்லச் சொல்ல விரல்கள் ஓடின. "காந்திமதியா? மருமவளா? எந்த ஊர்ப் பொண்ணு?"

வளன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். திரையில் ஒரு பெயர் எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருந்தது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தம்பியிடம் சொல்வதற்காக வெளியே போனான்.